கைதாவதற்கு ஓர் ஆள்

"முடியாது, என் ராணி," என்றாள் ஆறாம் கவுண்டர் யமிலே.

மனிசாலெஸ் நகரத்தில் மருத்துவரைப் பார்க்கக் காப்பீட்டு நிறுவனம்தான் அனுமதி தர வேண்டும். எங்களுக்கு மறுப்பு வந்தால் சர்க்கரை போட்டுத்தான் வரும். 'ராணி' என்று கூப்பிட்டால் இன்றைக்குக் கிடையாது. 'செல்லம்' என்றால் இந்த வருஷம் கிடையாது. 'என் உயிரே' என்றால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். நெல்சி அதுவரை 'ராணி'யைத் தாண்டிப் போனதில்லை. அதனால் நம்பிக்கையோடு நின்றாள்.

"பொண்ணு சாப்பிட மாட்டேங்கறாம்மா. துணி துவைக்கிற தொட்டிக்கு அடியில போய் உக்காந்துக்கறா. சுவத்துல தலைய மோதிக்கிட்டே இருக்கா. பதிமூணு வயசு. 'மாரிசெல் இனிமே வேண்டாம்'னு சொல்றா. மாரிசெல்ங்கறது அவதான். அவ பேரையே அவ சொல்றா."

யமிலே கணினியைத் தட்டினாள். முகம் மலர்ந்தது. "ஆட்டிசம்னு போட்டிருக்கே, ராணி! மனநலத்துல பாக்க மாட்டாங்க. முதல் மாடி, மாற்றுத்திறன் பிரிவு."

"ஆட்டிசம் பொறந்ததுலேர்ந்து இருக்கு. இது போன மாசத்துலேர்ந்துதான்."

"முதல் மாடி, ராணி."

முதல் மாடியில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "சோகமா? எங்ககிட்ட பேச்சுப் பயிற்சி இருக்கு. சக்கர நாற்காலி இருக்கு. சோகம் இல்லீங்க. சோகம் மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில் இருந்த பெண்மணி இன்னும் தெளிவானவர். "ஆட்டிசத்தைக் கழிச்சுட்டு, மிச்சம் இருக்கிற சோகத்த மட்டும் கொண்டு வாங்க. கட்டாயம் பாக்கறோம்."

"எப்படிம்மா கழிக்கிறது?"

"அது முதல் மாடியில சொல்வாங்க."

இரண்டாவது மாடியில் நின்றிருந்த ஒரு பெண் நெல்சியை மறித்து ஒரு பலகையை நீட்டினாள். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம். 'நல்மூச்சு' காப்பீட்டு நிறுவனத்தின் சேவை எப்படி இருந்தது? நெல்சி அழும் முகத்தை அழுத்தினாள். அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை.

நெல்சியின் கணவன் ஃபெர்னே ஓஸ்பினா நகரப் பேருந்து ஓட்டுநர். எங்கள் ஊர் மேடுகளில் பேருந்து ஓட்டுகிறவனுக்கு எதற்கும் லேசில் பயம் வராது. வீட்டுக்கு வந்து தொட்டிக்கு அடியில் பார்க்கும்போது மட்டும் பயந்தான்.

நடந்தது இதுதான். ஒரு மாதத்துக்கு முன்புவரை மாரிசெல் நாள் முழுக்க வானொலி விளம்பரங்களைப் பாடிக்கொண்டிருப்பாள். சோப்பு விளம்பரத்துக்கு ஒரு குரல், டயர் விளம்பரத்துக்கு ஒரு குரல். அந்த வீட்டில் யாரும் வானொலி போட்டதே இல்லை, தேவைப்படவில்லை. திடீரென்று ஒரு நாள் எல்லா விளம்பரமும் நின்றுபோயிற்று. பள்ளிக்கூடம் என்றால் வாசலைத் தாண்ட மாட்டாள். 'அந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான்' என்றது பள்ளிக்கூடம்.

அன்றிலிருந்து அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே யாராவது ஒருவர் கையை வைத்திருக்க வேண்டியிருந்தது. தலையணை வைத்தால் தூக்கி எறிந்தாள். கையை மட்டும் எறியவில்லை. ஃபெர்னே பேருந்து ஓட்டும்போது நெல்சியின் கை, நெல்சி சமைக்கும்போது ஃபெர்னேயின் கை. இருவரின் புறங்கையும் வீங்கி நிறம் மாறியிருந்தது.

நிறுவனம் அழைத்தது. நேர்முகத் தேர்வு!

அன்று காலை மாரிசெல்லை வாடகைக் காரில் ஏற்ற நெல்சி தானும் தொட்டிக்கு அடியில் படுத்து, இருவருமாகப் போர்வைக்குள் ஊர்ந்து வெளியே வர வேண்டியிருந்தது. அப்படிக் கொண்டுபோய் அவளை உளவியல் ஒருங்கிணைப்பாளர் டாக்டர் லிசாந்த்ரோ புயித்ராகோவின் முன்னால் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றது தவறு. அவள் நேராக அவர் மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

டாக்டர் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"எங்க நிறுவனம் நோயாளியோட சுயவிருப்பத்த மதிக்குது. அப்பா அம்மா சொல்றத வச்சு நாங்க எதுவும் செய்யறதில்ல. அது பழைய காலம். மாரிசெல்லே என் கண்ணப் பாத்து, 'எனக்கு உதவி வேணும்'னு முழுசா ஒரு வாக்கியம் சொல்லணும். அவ்வளவுதான்."

"டாக்டர், அவ யார் கண்ணையும் பாக்க மாட்டா," என்றான் ஃபெர்னே.

"ஏன்?"

"ஆட்டிசம்."

"பாத்தீங்களா! நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப இது மனநலம் இல்லையே!"

"சரி, கண்ண விடுங்க. வாக்கியமாவது..."

"முழு வாக்கியம்."

"அவ்வளவு பேச முடிஞ்சா நாங்க ஏன் டாக்டர் இங்க வரோம்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றார் புயித்ராகோ, உண்மையான ஆர்வத்தோடு.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அவர் கழுத்துப்பட்டை தரையைத் தொட்டது. "மாரிசெல், உனக்கு உதவி வேணுமா?"

மேசைக் காலில் தலை மோதும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. மூன்றாவது மோதலுக்குள் நெல்சி கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். 'நோயாளி சேவையை உடல்மொழியால் தெளிவாக மறுத்துவிட்டார். அவர் முடிவை மதிக்கிறோம்.' மரியாதைக்கு அறிகுறியாக எழுந்தும் நின்றார்.

இதற்குள் ஏப்ரல் பிறந்துவிட்டது. ஆட்டிசம் விழிப்புணர்வு நாள்!

நல்மூச்சு நிறுவனத்தின் கட்டடம் முழுக்க நீல விளக்கு. கிளை மேலாளர் டாக்டர் அனிபால் ரெஸ்த்ரேப்போ தானே தொலைபேசியில் கூப்பிட்டார். மாரிசெல் சிறப்பு விருந்தினராக வந்தால் அவள் விஷயத்தைத் தானே கவனிப்பதாகச் சொன்னார். ஃபெர்னேக்கு வேறு வழி தெரியவில்லை. கூட்டிக்கொண்டு போனான்.

வாசலில் பள்ளிக்கூட முரசுக் குழு காத்திருந்தது. இருபது பெரிய முரசுகள். விருந்தினரின் தலை தெரிந்ததும் எல்லாம் ஒன்றாக அதிர்ந்தன.

மாரிசெல் தரையில் விழுந்து மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நீலக் கோட்டு, நீலக் கண்ணாடி.

"இந்தக் குழந்தைகள் நோயாளிகள் அல்ல. இவர்கள் வானத்திலிருந்து இறங்கி வந்த தேவதைகள்! தேவதைக்கு எதற்கு மனநல மருத்துவர்? எங்கள் நிறுவனம் இந்த அவமானத்தை எந்தத் தேவதைக்கும் இழைத்ததில்லை. போன வருஷம் ஒரு குழந்தைக்குக்கூட நாங்கள் மருத்துவர் கொடுக்கவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன்!"

கைதட்டல். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபெர்னே ஓடினான். புகைப்படக்காரர் கூடவே ஓடி வந்தார். "அப்பா, ஒரு நிமிஷம். கொஞ்சம் சிரிச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

அந்தப் படம் மறுநாள் வரவேற்பறையில் தொங்கியது. கீழே 'உணர்ச்சிப் பெருக்கில் ஒரு தேவதை' என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நெல்சி ஆறாம் கவுண்டருக்குப் போனாள். கத்தப் போனவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

யமிலே இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இப்படி அழுதா ஒண்ணும் நடக்காது, என் உயிரே. டாக்டர் குடுக்கச் சொல்லி கோர்ட்டுல காப்பு மனு போடுங்க. இங்க எல்லாரும் அதான் பண்றாங்க. எங்கம்மா மூக்குக் கண்ணாடிக்கு நானே எங்க கம்பெனி மேல போட்டிருக்கேன்."

"கிடைச்சுதா?"

"கேஸ் நடக்குது."

நீதிமன்ற வாசலில் குடை விரித்து, மடியில் தட்டச்சு இயந்திரம் வைத்து மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் தோன்யா ஒலீவா. எங்கள் நகரத்தில் பாதிப் பேரின் மூட்டும் சிறுநீரகமும் அந்தக் குடைக்கு அடியிலிருந்துதான் பிழைத்திருக்கின்றன.

"அழுதுக்கிட்டே சொல்லு, பரவாயில்ல. ஆனா நிறுத்தி நிறுத்திச் சொல்லு மகளே. என் மிஷினுக்கு வயசாயிடுச்சு."

நெல்சி சொன்னாள். ஒலீவா தட்டினாள். நீதிபதி கோபக்காரர், நல்லவர். சிறுமிக்கு உடனே மனநல மருத்துவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். நெல்சி வழியெல்லாம் ஓடி வந்து கணவனைக் கட்டிக்கொண்டாள்.

நல்மூச்சு உத்தரவுக்கு உடனே கீழ்ப்படிந்தது. மருத்துவரும் கிடைத்தார், தேதியும் கிடைத்தது. ஊர், லெத்திசியா.

"லெத்திசியாவா?" ஒலீவா சிரித்தே விட்டாள். "அமேசான் காட்டுக்கு நடுவுல இருக்கு. ரோடே கிடையாது, பிளேன்லதான் போகணும். போன மாசம் ஒரு நிறைமாசக்காரிக்குப் பிரசவத்தையே அங்கதான் போட்டுக் குடுத்தானுங்க." நெல்சியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். காகிதத்தைச் செருகினாள். "இனி அவமதிப்பு மனு. உத்தரவ மதிக்கலைன்னா பொறுப்பான ஆள உள்ள தள்ளுவாங்க. மேனேஜரு கம்பி எண்ணுவான் பாரு."

மாரிசெல் இப்போது சோளரொட்டியின் கருகிய ஓரத்தை மட்டும்தான் தின்றாள். அதையும் இரண்டு நாளாகத் தொடவில்லை.

கைது நடந்துவிட்டது என்று சேதி வந்ததும் ஃபெர்னே பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனான். அனிபால் ரெஸ்த்ரேப்போவின் நீலக் கோட்டைப் பிடித்து உலுக்குவதற்காக விரல்கள் துடித்தன.

காவல் அறையில் அனிபால் இல்லை! பாதி வழுக்கையான ஒரு பெரியவர் மடியில் தட்டு வைத்துக்கொண்டு கோழி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"நீ யாருய்யா?"

"எவெலியோ கிசேனோ. நல்மூச்சுல உத்தரவு நிறைவேற்றுப் பொறுப்பு அதிகாரி," என்றார் அவர். "உக்காருங்க. எந்த வழக்கு? கிட்னியா, கண்ணா?"

"என் பொண்ணு. மனநலம்."

"அடடா. அதான் இந்தத் தடவையா? என்கிட்ட நம்பரு மட்டும்தான் சொல்வாங்க."

ஃபெர்னே கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஏன் குடுக்கல? சொல்லுய்யா, ஏன் குடுக்கல?"

"கோவிச்சுக்காதீங்க. குடுக்கறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது. குடுக்காததுக்கு நான் பொறுப்பு, அவ்வளவுதான். கோர்ட்டு யாரையாவது பிடிக்கணும்ல? மேனேஜர எப்படிப் பிடிக்கறது, அவருக்கு வேலை இருக்கு. அதுக்குன்னு இந்தப் பதவி. நான் மாசத்துல பாதி நாள் இங்கதான்."

அப்போது ஒரு பெண் பையோடு வந்தாள். இளவயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். காவலர் கதவைத் திறந்துவிட்டார். "டாக்டர் சிமேனா," என்று எழுந்து வணங்கினார் எவெலியோ. "மனநல மருத்துவர். அடிக்கடி உள்ள வந்து போறதால எனக்கு மன அழுத்தம் வரக் கூடாதுன்னு கம்பெனி வச்சிருக்கு. கைதாகிற ஒவ்வொரு தடவையும் வருவாங்க."

ஃபெர்னே அவள் பக்கம் திரும்பினான். "டாக்டர், நீங்க குழந்தைங்களப் பாப்பீங்களா?"

"குழந்தைங்கதான் நான் படிச்சதே," என்றாள் சிமேனா. "ஆனா என்னை வச்சிருக்கறது இவருக்கு மட்டும்தான். வேற யாரையும் பாக்க எனக்கு அனுமதி இல்ல. எத்தனையோ தடவ கேட்டுட்டேன்."

"என் பொண்ணு செத்துப் போயிடுவா டாக்டர்."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. எவெலியோ தட்டைக் கீழே வைத்தார். "தம்பி, இந்தக் கல்லு பெஞ்சுல படுத்துப் படுத்து என் இடுப்பு போச்சு. வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆள் தேடறாங்க. உள்ள இருக்கும்போது பாக்கற டாக்டரக் குடும்பத்தோட சேர்ந்து பாக்கலாம்னு விதி இருக்கு. எனக்குக் குடும்பம் இல்ல. உங்களுக்கு இருக்கு."

மறுநாள் ஃபெர்னே நீலக் கோட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். உலுக்கவில்லை. கைகளை மடியில் வைத்திருந்தான்.

"சிறை அனுபவம்?" என்று கேட்டார் அனிபால்.

"இல்ல சார்."

"போலீஸ் வழக்கு ஏதாவது?"

"இல்ல சார்."

"பரவாயில்ல, வந்துரும். பாருங்க மிஸ்டர் ஓஸ்பினா, இது சாதாரண வேலை இல்ல. நிறுவனத்தோட மனசாட்சி நீங்கதான். மனசாட்சி உள்ள இருந்தாத்தான் நாங்க வெளிய நிம்மதியா வேலை பாக்க முடியும். குடும்பம் எதிர்ப்பு சொல்லாதே?"

"சொல்லாது சார். எப்ப கைது பண்ணுவாங்க?"

அனிபாலுக்குக் கண்கள் பனித்தன. "இப்படி ஓர் உற்சாகத்தை நான் எந்த ஊழியர்கிட்டயும் பாத்ததில்ல!"

ஆனால் அந்த வாரம் பார்த்து யாருக்கும் கைது உத்தரவு வரவில்லை. நகரமே பொறுமையாக இருந்தது. ஃபெர்னே தினமும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தான். வீட்டில் நெல்சி ஒரு நாள் முழுக்கத் தனியாகக் கையை வைத்திருந்து, மாலையில் ஃபெர்னே வந்ததும், விரல்களை மடக்க முடியாமல் ஒலீவாவின் குடைக்கு ஓடினாள்.

"இன்னொரு அவமதிப்பு மனு," என்றாள். "டாக்டர் இன்னும் குடுக்கல."

"கணவர் பேரு?" ஒலீவா தட்டத் தயாரானாள்.

"ஃபெர்னே ஓஸ்பினா."

"கைது பண்ண வேண்டிய அதிகாரி பேரு?"

"ஃபெர்னே ஓஸ்பினா."

ஒலீவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். நெல்சியை உற்றுப் பார்த்தாள். கண்ணாடியைப் பழையபடி இறக்கிக்கொண்டு, எதுவும் கேட்காமல் தட்டினாள்.

நீதிபதி கேட்டார்.

"நீங்கள்தான் அந்தச் சிறுமியின் தந்தையா?"

"ஆமாங்க."

"நீங்கள்தான் அவளுக்கு மருத்துவரை மறுக்கும் அதிகாரியா?"

"ஆமாங்க."

"என்னய்யா இது? கோர்ட்டக் கேலி பண்றீங்களா? வழக்கத் தள்ளுபடி பண்ணிடுவேன்!"

நெல்சி கூண்டை விட்டு இறங்கி வந்துவிட்டாள். "ஐயா, தள்ளாதீங்க. இவரப் புடிச்சு உள்ள போடுங்கய்யா. பெரிய குற்றம் பண்ணியிருக்காரு. பெத்த பொண்ணுக்கு டாக்டர் குடுக்கல. உங்க கால்ல விழறேன், உள்ள போடுங்க." வீங்கிய இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள்.

நீதிபதி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு எவ்வளவோ நல்ல மனிதர்கள் எங்கள் நாட்டில் செய்வதைச் செய்தார். சட்டம் அனுமதித்ததைச் செய்தார். ஐந்து நாள் காவல்!

கணவனும் மனைவியும் நீதிமன்றத்திலேயே கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்துக் காவலர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

காவல் அறையில் ஒரு கல் பெஞ்சு. மாரிசெல் நேராக அதற்கு அடியில் போனாள். ஃபெர்னே தரையில் உட்கார்ந்து, சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவே கையைக் கொடுத்தான். நெல்சி வாசலிலேயே நின்றாள்.

டாக்டர் சிமேனா உள்ளே வந்தாள். பையை வைத்தாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பெஞ்சிலிருந்து தள்ளி, வெறும் தரையில் மல்லாந்து படுத்தாள். கூரையைப் பார்த்தாள். மாரிசெல்லின் பக்கம் திரும்பவே இல்லை.

நேரம் போயிற்று. சார்ஜெண்ட் கருப்புக் காப்பி கொண்டுவந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். ஃபெர்னேயின் கையில் அடிகள் விழுந்துகொண்டே இருந்தன. பிறகு இடைவெளி விட்டு விழுந்தன.

"கூரையில ஒரு விரிசல் இருக்கு," என்றாள் சிமேனா, கூரையிடம்.

ஃபெர்னேயின் கையில் இன்னொரு அடி விழுந்தது.

"மேலே தண்ணித் தொட்டி இருக்கும்போல."

பெஞ்சுக்கு அடியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "பந்து ரூம்ல விரிசல் இல்ல."

நெல்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பந்து ரூம்," என்றாள் சிமேனா. கேள்வியாக அல்ல.

"பந்து ரூம். இடைவேளைக்கு மாரிசெல் சத்தம். டீச்சருக்குத் தலைவலி. உள்ள போ. சாவி. இருட்டு." மூச்சு வாங்கியது. "மணி அடிச்சா திறப்பாங்க. மணி அடிச்சுது. திறக்கல. மணி அடிச்சுது. திறக்கல."

ஃபெர்னேயின் கையில் அவள் தலை சாய்ந்து கிடந்தது. மோதவில்லை. வெறும் கனம் மட்டும். அவன் அசையாமல் இருந்தான். அவன் முகத்தைப் பார்த்த சார்ஜெண்ட் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிமேனா கிளம்பும்போது வாசலில் மெல்லச் சொன்னாள். "கதவு இப்பத்தான் கொஞ்சம் திறந்திருக்கு. நிறுத்தினா மூடிக்கும். வாரா வாரம் வேணும். மாசக் கணக்கா." பிறகு தன் குறிப்பில் எழுத வேண்டியதை எழுதினாள். 'நோயாளி: ஃபெர்னே ஓஸ்பினா, உத்தரவு நிறைவேற்றுப் பொறுப்பு அதிகாரி. கடுமையான மன அழுத்தம். சிகிச்சை தொடர வேண்டும்.' அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று இரவு மாரிசெல் ஒரு முழு சோளரொட்டி தின்றாள் என்று நெல்சி மறுநாள் வந்து சொன்னாள்.

ஐந்தாம் நாள் முடிந்தது. சார்ஜெண்ட் கதவைத் திறந்தார். "முடிஞ்சுது. கெளம்பு."

ஃபெர்னே எழுந்திருக்கவில்லை. "அடுத்த செவ்வாய் வரைக்குமாவது வச்சிருங்க சார். டாக்டர் இனி செவ்வாதான் வருவாங்க."

"தண்டனை முடிஞ்ச ஆள வச்சிருந்தா என் வேலை போயிடும்யா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"நான் மறுபடியும் குற்றம் பண்ணினா?"

சார்ஜெண்ட் சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டார். நெல்சி வாசலுக்கு வந்திருந்தாள். அவள் பின்னால் மாரிசெல், தலையில் துண்டைப் போர்த்துக்கொண்டு, தாயின் பாவாடையைப் பிடித்தபடி. தொட்டிக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்து, தானாக நடந்து வந்திருந்தாள்.

நெல்சி கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். "சத்தமாச் சொல்லு. சார் காதுல விழணும். சாட்சி வேணும்."

ஃபெர்னே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். நல்மூச்சு நிறுவனத்தின் அதிகாரியாக நிமிர்ந்து நின்றான். மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"அம்மா, நிறுவனத்தோட சார்புல தெரிவிக்கறேன். உங்க... உங்க பொண்ணுக்கு..." தொண்டையைச் செருமினான். "உங்க பொண்ணுக்கு டாக்டர் கிடையாது. நான் மறுக்கறேன்."

"நன்றிங்க," என்றாள் நெல்சி.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒலீவா சாப்பாட்டுக்குக் குடையை மடக்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று இறக்கத்தில் வேகமாக நடந்தாள்.

ஃபெர்னே பெஞ்சில் கிடந்த போர்வையை மடிக்க ஆரம்பித்தான்.

"அத அங்கயே விட்டுட்டுப் போ," என்றார் சார்ஜெண்ட், அவனைப் பார்க்காமல். "வேற யாருக்கும் தர மாட்டேன்."